மேல்வரிசையின் அடைத்த வாயில்

நாரைக்கொடி உயர்த்தி நெடுவயல் நாடு முழுதாளும் அரசி எழினி நங்கையார், பந்தாட்ட அவையில் வீற்றிருக்கும் குறுநிலத் தலைவர் அனைவருக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் ஊர்களில் ஏரி நிறைக, கழனி விளைக, மனைமக்கள் நோயின்றி வாழ்க.

மாடு மேய்ந்த மேட்டில் தொடங்கிய நம் காற்பந்தாட்டம், இன்று கற்படி அரங்குகளில் மக்கள் கடல்போல் கூடும் சிறப்பை எய்தியது நமக்கும் மகிழ்ச்சியே. உலகில் அதுவே தலையாயது என்று அரங்க வாயிலில் கல்வெட்டு நிறுத்த நீங்கள் வேண்டினீர்கள். முதலில் பிறநாட்டு ஆட்டங்களைக் கண்டுவருமாறு பந்தாட்ட நாயகர் காரி எயினரை நாம் மரக்கலம் ஏற்றினோம்.

எயினர் உங்களினும் ஆவலோடு போனார். நம் மேல்வரிசையில் வாகைசூடிய உங்கள் அணி ஒன்றும் உடன் சென்றது. வெண்பாறைத் துறையின் மழைச்சேற்றில், அந்நாட்டு மீனவர் அணியிடம் நம்மவர் ஒரு பந்தும் வலைசேர்க்காது தோற்றனர். பொன் கொட்டி நீங்கள் அழைத்துவந்த அயல்நாட்டு முதுவீரர்கள் பாதி ஆட்டத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டனர்.

எனினும் அவரை அதிகம் உறுத்தியது தோல்வியன்று. அம்மீனவர் அணி முந்திய ஆண்டு கீழ்வரிசையில் ஆடி, வென்று, மேல்வரிசைக்கு ஏறியதாம். அதே ஆண்டில் அந்நாட்டு மன்னனின் மைத்துனன் அணி தோற்றுக் கீழிறங்கியதாம். தலைநகரத்தார் தெருவில் நின்று அழுதார்களேயன்றி, தோற்றவர் இறங்கும் விதியை மாற்றுமாறு ஒருவரும் கேட்கவில்லையாம். அவர் சென்ற மற்ற நாடுகளிலும் இதுவே வழக்கம்.

இதனை அவர் உங்கள் அவையில் உரைத்தபோது நீங்கள் செய்தது என்ன? பாதியில் எழுந்து போனீர்கள். மீண்டும் வந்தபோது, கூட்டத்தின் அளவை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்றீர்கள். அவர் விடாது நிற்கவே, கடல்மயக்கத்தில் கண்டதை உளறுகிறார் என்று நகைத்தீர்கள்.

மனம் கசந்த எயினர் உவர்க்கரைக்குப் போனார். அவ்வூர் உப்பளத்தார் நம் கீழ்வரிசையில் ஆண்டுதோறும் வென்றும், அணியை உடைமையாகக் கொள்ள ஒரு குறுநிலத் தலைவர் இல்லை என்பதால் மேலேற விடப்படாதவர்கள். அணித்தலைவன் தித்தன் அவரிடம் கேட்டதை அவன் மொழியிலேயே எழுதச் சொன்னோம்: “நாயகரே, தோத்தா வீட்டுக்குப் போறோம், சரி. செயிச்சும் வீட்டுக்குத்தான் போகணும்னா, எதுக்கய்யா ஆடணும்?”

எயினர் நேரே நம்மிடம் வந்து, பதவி மோதிரத்தைக் கழற்றி வைத்து, அம்மனிதனுக்குச் சொல்லத் தம்மிடம் ஒரு சொல்லும் இல்லை என்றும், இனி இப்பணி தமக்கு வேண்டா என்றும் விண்ணப்பித்தார். உங்கள் போக்கைப் பொறுத்துப் பொறுத்து நமக்கும் சலித்தது. மோதிரத்தை அவர் விரலிலேயே திரும்ப அணிவித்தோம்.

ஆகவே ஆணையிடுகிறோம். கல்வெட்டு நிறுத்தப்படாது. வரும் பருவத்தில் உவர்க்கரையார் மேல்வரிசையில் ஆடுவர். மேல்வரிசையில் கடைசியாக நின்ற அணி கீழிறங்கும். அவ்வணி நம் அரண்மனை அணி என்று நினைவூட்ட எவரும் வரவேண்டா. அவர்கள் தோற்ற ஆட்டங்களை நாம் நேரில் பார்த்தோம்.

நாரை இலச்சினை இட்டு விடுத்தோம். ஓலை கண்ட பொழுதே இவ்வாணை நடப்பதாக.