கறுத்துப்போன தேத்தண்ணி

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

பணிப்பாளர் சபை சம்மதித்துவிட்டது. அரை மனதோடுதான். ஆனாலும் சம்மதம் சம்மதம்தான். கொட்டாஞ்சேனைத் தொழிற்சாலையின் மூன்றாம் உற்பத்தி வரிசை இனி எனக்கு. அதில் இரும்புச்சத்துச் சேர்த்த பிஸ்கட் செய்து, முதலில் எங்கள் பொதியிடல் பகுதிப் பெண்கள் நூற்றிருபது பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஜூலையில் இரத்தப் பரிசோதனை. மாற்றம் தெரியாவிட்டால் மூன்றாம் வரிசை கிறீம் பிஸ்கட்டுக்குப் போய்விடும். என் திட்டம் அலமாரிக்குப் போய்விடும்.

அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தச்சோகை. போன மாதம் மட்டும் மூன்று பேர் வேலையில் நின்றபடியே மயங்கி விழுந்தார்கள். ஒருவர் விழுந்தால் வரிசை இருபது நிமிடம் நிற்கிறது. இதைத்தான் சபையில் சொன்னேன். நிதிப் பணிப்பாளர், "நல்ல சமூக சேவைதான், ஆனால்..." என்று இழுத்தார். "சேவை இல்லை சேர், வியாபாரம்" என்றேன்.

பாடசாலைப் பை கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிற வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. வருடத்தில் ஒரு நாள் நல்லவர்களாக இருப்பது யாருக்கும் சுகம். சாப்பாடு செய்கிற கம்பனி சாப்பாட்டிலேயே நல்லது செய்யட்டுமே. சாப்பிட்டவருக்கு உடம்பு தேறினால் திரும்பவும் வாங்குவார். அவர் வாங்கினால் பங்குதாரருக்கும் போகும். இதில் யார் எதைத் தியாகம் செய்கிறார்கள்?

பெரிதாகத்தான் பேசிவிட்டேன். பேசினது பேசினதுதான். உணவுத் தொழில்நுட்பத்தில் இருபது வருடம் கிடந்தவள் பேசாமல் வேறு யார் பேசுவது?

பெப்ரவரி 11, ஞாயிறு

மேல்மாடி நமசிவாயம் அங்கிள் லிஃப்டுக்குள் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். எங்கள் கம்பனிப் பங்குகளை முப்பது வருடமாக விற்காமல் வைத்திருக்கிறார். பென்சனோடு அந்தப் பங்கிலாபமும் வந்தால்தான் மனைவி நாகேஸ்வரி அன்ரியின் மருந்துக்குச் சரிவரும். வெள்ளவத்தையில் இந்த ஒரு கட்டடத்திலேயே இப்படி நாலைந்து வீடு.

"பிள்ளை, நீர் உங்கட ஃபக்டரியில என்னவோ தர்மம் செய்யப் போறீராம்?"

"தர்மம் இல்லை அங்கிள், புது பிஸ்கட்."

"தர்மம் செய்யிறதெண்டால் நான் கோயிலுக்குக் குடுப்பன். பங்கு வாங்கினது அதுக்கில்லை. உந்த விசுக்கோத்தை ஆர் வாங்கப் போகினம்? அதைச் சொல்லும்."

வீட்டுக் கதவைத் திறக்கும்வரை கோபம் இருந்தது. பிறகு போய்விட்டது. மனிசன் கேட்டது சரியான கேள்வி. சபையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சுவைக் குழு கூடியது. மேலே ஆய்வுகூடத்தில் அலுவலகத்தார் பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று பிஸ்கட், ஒரு கோப்பை பால் தேத்தண்ணி. பன்னிரண்டு பேரும் 'மிக நல்லது' போட்டார்கள். இரும்பு மணம் துளியும் இல்லை. என் உதவியாளர் டில்ஷானி படிவங்களை அடுக்கிக்கொண்டே, "ஹரிம ஹொந்தய், அக்கே", மிக நன்றாக இருக்கிறதாம், என்று குதித்தாள். நானும் குதித்திருப்பேன். பதவி தடுத்துவிட்டது.

ஏப்ரல் 1, திங்கள்

தொடங்கிவிட்டோம். பத்து மணி இடைவேளையில் ஆளுக்கு நான்கு பிஸ்கட். இரத்த அளவு மிகக் குறைந்தவர்களைக் கம்பனி டொக்டர் தனியாக வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார். அவர்களுக்குப் பதில் வேறு பெண்களைச் சேர்த்து, நூற்றிருபது பேர் என் பொறுப்பு.

ஏப்ரல் 19, வெள்ளி

முறைப்பாட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு. 'பிஸ்கட்டு போட்டா தேத்தண்ணி கறுத்துப் போவுது. ராக்கம்மா, பொதியிடல்.' சீட்டின் மேலேயே 'தண்ணீர்த் தாங்கியைக் கழுவவும்' என்று எழுதி அனுப்பினேன். தொழிற்சாலையில் எது நடந்தாலும் புதிதாக வந்த பிஸ்கட்டில்தான் பழி விழும்.

மே 8, புதன்

தாங்கியைக் கழுவியாயிற்று. மறுபடியும் சீட்டு. அதே கையெழுத்து, அதே முறைப்பாடு. யார் இந்த ராக்கம்மா? பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து பத்து வருடமாகப் பொதியிடலில் நிற்பவராம். இரத்த அளவு ஒன்பது தசம் ஒன்று; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். நேரம் கிடைத்தால் ஒருநாள் கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூலை 10, புதன்

மாற்றம் இல்லை. துளியும் இல்லை.

ராக்கம்மாவுக்கு ஒன்பது தசம் ஒன்று இருந்தது இப்போது ஒன்பது. குறைந்திருக்கிறது!

எனக்கு விளங்கேல்ல. சேர்த்த அளவு சரி. மாவில பரிசோதிச்சது சரி. அவை சாப்பிட்டதை டில்ஷானி நூறு நாள் கண்ணால பாத்தவள். அப்ப எங்க போகுது உந்த இரும்பெல்லாம்? வீட்ட கொண்டு போகினமோ? இல்லை, டில்ஷானி பாத்தவள். நான்தான் எங்கயோ பிழை விட்டிருக்கிறன் — எங்க?

சபையில எப்பிடி வாயடிச்சனான். இப்ப என்ன முகத்தோட போறது?

ஜூலை 11, வியாழன்

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

பத்து மணிக்குக் கீழே போனேன். ராக்கம்மா ஐம்பதை நெருங்குகிறவர், மெலிந்த உருவம், உரத்த குரல். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "மேடம், நீங்க தானுங்க தாங்கிய கழுவச் சொன்னது? தாங்கி பாவமுங்க. இத பாருங்க."

அவர் கையில் பிளாஸ்டிக் கோப்பை, அதில் பால் விடாத சாயத்தண்ணி. என் பிஸ்கட்டை எடுத்து முக்கினார். பிஸ்கட்டைச் சுற்றி எழுதுகிற மை போலக் கறுப்பு இறங்கியது. சுற்றிவரப் பார்த்தேன். எல்லாக் கோப்பையும் கறுப்பு. நூற்றிருபது பேரும் முக்கித்தான் சாப்பிடுகிறார்கள். பிஸ்கட் என்றால் வேறு எப்படிச் சாப்பிடுவது?

இது முதலாம் வருடப் பாடம். தேயிலைச் சாயத்தோடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும். அப்படிச் சேர்ந்த இரும்பை உடம்பு எடுக்காது. நூறு நாளாக இரும்பைக் கொடுத்து, கூடவே அதைப் பூட்டி வைக்கிற சாயத்தையும் நாங்களே கொடுத்திருக்கிறோம்.

எனக்கு ஏன் தெரியாமல் போனது? மேலே எங்களுக்குப் பால் தேத்தண்ணி. பால் அந்தக் கறுப்பை மறைத்துவிட்டது. கம்பனி தொடங்கிய நாளிலிருந்து மேலுக்குப் பால், கீழுக்கு வெறும் சாயம். அதுதான் வழக்கம். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. பதினொரு வருடமாக இங்கே வேலை செய்கிறேன், ஒரு நாள்கூடக் கீழே நின்று தேத்தண்ணி குடித்ததில்லை.

"நாங்க சொன்னமுங்களே" என்றார் ராக்கம்மா. "சீட்டு ரெண்டு போட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. அவசரமாக எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தார்.

ஜூலை 12, வெள்ளி

முகாமைப் பணிப்பாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "முக்க வேண்டாம் என்று ஓர் அறிவித்தல் ஒட்டினால்?" என்றார். இந்தத் தீவில் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் முக்காதே என்று சட்டம் போட்டாலும் நடக்காது. "கீழேயும் பால் கொடுத்தால்?" கொடுக்கத்தான் வேண்டும், அது வேறு கதை. பால் நிறத்தைத்தான் மறைக்கும், இரும்பைத் திருப்பித் தராது.

ஓகஸ்ட் சபைக்கு முன் வழி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கிறீம் பிஸ்கட்.

வழி இருக்கிறது. என்னவென்று இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

ஜூலை 18, வியாழன்

கிடைத்துவிட்டது!

இந்தக் கிழமை முழுக்கக் கீழேதான் சாப்பிடுகிறேன். இன்று ராக்கம்மா கொண்டுவந்தது ரொட்டியும் கட்டா சம்பலும். இடித்த செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, மேலே தாராளமாகப் பிழிந்த தேசிக்காய்ப் புளி. எனக்கும் ஒரு துண்டு தந்தார். உறைப்பில் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பைக்குக் கை நீட்டினேன். தட்டாத குறையாகத் தடுத்தார்.

"ஐயோ மேடம், காரத்து மேல சுடுதண்ணியா? நாக்கு வெந்து போயிருங்க. பச்சத்தண்ணி குடிங்க."

"நீங்க ஒருத்தரும் இதோட தேத்தண்ணி குடிக்க மாட்டீங்களா?"

"யாருங்க குடிப்பா? அது பொறவு, ஆறுதலா."

கையைக்கூடக் கழுவாமல் மேலே ஓடினேன். இனிப்பாக இருந்தால் முக்குவார்கள். உறைப்பாக இருந்தால்? யாரும் முக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. உறைப்பான கிறாக்கர்: செத்தல் மிளகாய், தேசிப்புளி, கறிவேப்பிலை. தேசிப்புளி இரும்பை உடம்பில் ஏற்றவும் உதவும். ஆனால் சூளையில் அதிலுள்ள விற்றமின் சி போய்விடும். ஆகவே சுட்டு ஆறிய பிறகு தூவ வேண்டும். தூவுகிற இயந்திரம் இரண்டாம் வரிசையில் சும்மா நிற்கிறது!

இப்போதே செய்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. டில்ஷானி என்னை வீட்டுக்குத் துரத்திவிட்டாள்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

சுவைக் குழுவைக் கீழே கூட்டினேன். பொதியிடலில் இருந்து ஆறு பேர். முதல் தடவை செய்ததை ராக்கம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "பத்தியம்." இரண்டாவது: "புளி பத்தலீங்க." மூன்றாவதில் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, கேட்காமலே இன்னொன்றை எடுத்தார். படிவம் எல்லாம் எதற்கு?

பெயரும் வைத்துவிட்டேன். 'கட்டா.' தமிழிலும் சிங்களத்திலும் ஒரே சொல், யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஓகஸ்ட் 27, செவ்வாய்

சபை. "முதல் ஆறு மாதமும் உங்கள் பிழையால் வீணானது என்கிறீர்களா?" என்று நிதிப் பணிப்பாளர் கேட்டார். "ஆம், என் பிழைதான்" என்றேன். அதைச் சொன்ன பிறகு பேசுவது இலேசாக இருந்தது. மற்ற விஷயத்தையும் கேட்டேன்: கீழேயும் பால் தேத்தண்ணி, ஆனால் கட்டா சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, பதினொரு மணிக்கு. யாரும் மறுக்கவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே நிதிப் பணிப்பாளர் தட்டில் இருந்த கட்டாவில் ஐந்தை முடித்துவிட்டார். நான் எண்ணினேன்.

டிசம்பர்வரை தந்திருக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சில கடைகளில் விற்றுப்பார்க்கவும் அனுமதி. அதற்குப் பிறகு இன்னொரு தவணை இல்லை.

செப்டெம்பர் 2, திங்கள்

பத்து மணிக்குக் கீழே நின்று பார்த்தேன். வீட்டிலிருந்து சாயத்தண்ணி கொண்டுவந்தவர்கள்கூட முக்கவில்லை.

ஒக்டோபர் 15, செவ்வாய்

காலி வீதிக் கடை முதலாளி என்னைக் கண்டதும், "மிஸ், தவ பெட்டி தெகக்!" என்றார். இன்னும் இரண்டு பெட்டி வேண்டுமாம். பின்னேர ரயிலில் போகிறவர்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போகிறார்களாம். அவர்களுக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. உறைப்புக்காக வாங்குகிறார்கள். வாங்கட்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

பத்து தசம் ஏழு.

ராக்கம்மாவின் பரிசோதனைச் சீட்டைத்தான் முதலில் தேடி எடுத்தேன். பிறகுதான் மற்றவர்களுடையது. நூற்றிருபதில் எண்பத்தொன்பது பேருக்கு ஏறியிருக்கிறது. செப்டெம்பருக்குப் பிறகு ஒருவரும் மயங்கி விழவில்லை. லீவு பாதியாகக் குறைந்திருக்கிறது. கடைகளில் கிறீம் பிஸ்கட்டை விடக் கட்டா வேகமாகப் போகிறது. சபை மூன்றாம் வரிசையை நிரந்தரமாகத் தந்துவிட்டது. நாலாவதையும் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

அழுதேன். சந்தோசத்தில்தான். டில்ஷானி கதவைச் சாத்திவிட்டு அவளும் அழுதாள்.

ராக்கம்மாவிடம் சொன்னபோது, "அதாங்க இப்ப எந்நேரமும் பசிக்குது" என்றார்.

2025 ஜூன் 26, வியாழன்

ஆண்டுப் பொதுக்கூட்டம். வழக்கம்போல் பங்குதாரர்கள் கேள்வி கேட்கப் பாதி, கையில் தருகிற தின்பண்டப் பைக்குப் பாதி என்று வந்திருந்தார்கள். பங்கிலாபம் கூடியிருந்ததால் மண்டபத்தில் முகங்கள் நன்றாக இருந்தன. நமசிவாயம் அங்கிள் எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"இந்தப் பிள்ளையிட்ட போன வருசம் லிஃப்டுக்குள்ள சொன்னனான், பங்கு வாங்கினது தர்மத்துக்கில்லை எண்டு. இப்பவும் அதைத்தான் சொல்லுறன்."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஆனால் அறிக்கையில ஒன்பதாம் பக்கத்தில அந்தப் பெண்களின்ர ரத்த அளவு போட்டிருக்கு. அடுத்த வருசம் அதை ஒன்பதாம் பக்கத்தில ஒளிக்காதேயுங்கோ. இலாபத்துக்குப் பக்கத்தில போடுங்கோ. ரெண்டும் ஒண்டா ஏறுதோ எண்டு நாங்கள் பாக்க வேணும்."

உட்காரப் போனவர் மறுபடி எழும்பினார். "பைக்குள்ள கட்டா ஒண்டுதான் இருக்கு. வீட்டில ரெண்டு பேர்."

ஓகஸ்ட் 14, வியாழன்

இன்று என் புதுப் பிஸ்கட். பாடசாலைப் பிள்ளைகளுக்கு, குரக்கன் மாவில், இரும்புச்சத்தோடு. ஆறு மாத உழைப்பு. அடுத்த வாரம் சபைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியும்விட்டேன். வாசனையே போதும், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அலுவலகத்தார் எல்லோரும் முழுப் புள்ளி.

சுவைக் குழு இப்போது கீழேதான் கூடுகிறது. தலைமை ராக்கம்மா. போன மாதம் அவருடைய அளவு பன்னிரண்டைத் தாண்டியது. பன்னிரண்டைச் சொன்னபோது உடனே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

இரண்டு பிஸ்கட் ஆறுதலாகச் சாப்பிட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிவத்தில் பூச்சியம் போட்டார்.

"ஏன் ராக்கம்மா? நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க மேடம். அதனாலதான். இத புள்ளைங்க தேத்தண்ணில முக்கும்."

பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். வேலை இருக்கிறது.