துணிப்பைக்குள் ஒரு காய்

மாசி 4, திங்கள்
காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில். கொல்லை மாமரத்தில் கட்டிவைத்த ஆர்கிட் செடிக்குத் தண்ணீர் தெளித்தேன். காய் இன்னும் பச்சை. வெள்ளிமலையில் காற்றில் ஒடிந்த கிளையோடு நான் எடுத்து வந்த செடி. மூட்டுவலிக்கு மருந்து என்று மலையில் இதை உரித்தே தீர்த்துவிட்டார்கள். இதுதான் முதல் காய். தீக்குச்சியால் மகரந்தம் வைத்தது நான். புத்தகம் பார்த்துக் கற்றது.

மதியம் தம்பி மகள் செல்வி. கள்ளக்குறிச்சியில் பாட்டிலுக்குள் செடி வளர்க்கும் திசு வளர்ப்புக் கூடம் நடத்துகிறாள்.

"பெரிப்பா, காயைப் பச்சையாவே குடுங்க. வெடிக்காத காய்க்குள்ள கிருமி இருக்காது. பாட்டில்ல போட்டா எக்கச்சக்கமா வரும்."

பச்சைக் காயில் விதையா? கத்திரியோ சுரையோ, விதைக்காய் செடியிலேயே முற்ற வேண்டும். இது அவளுக்குத் தெரியாதா? வேறு ஏதோ திட்டம். அவள் அப்பன் வரப்பை நகர்த்தியவன்.

மாட்டேன் என்றேன்.

மாசி 6, புதன்
காய்க்குத் துணிப்பை கட்டினேன். இறுக்கி முடிச்சு.
வாங்க: தவிடு, தீப்பெட்டி.
வேலியோரம் செருப்புத் தடம். பால்காரன் என்கிறாள் மனைவி. அவனுக்குக் கொல்லையில் என்ன வேலை?

போனில் செல்வியிடம் அவள்: "உங்க பெரிப்பா காய்க்குக் காவல் காத்துக்கினு இருக்காரு. எனக்குப் பிரசவமானப்பகூட இப்டி உக்காரல." சிரிப்பு. என்னைப் பார்த்ததும் பேச்சு மாறியது. இவளும் அந்தக் கட்சி.

மாசி 9, சனி
கடும் வெயில். முடிச்சை அவிழ்த்தால் காய் வெடித்திருக்கிறது. விதை என்று ஒன்றும் இல்லை. முகப்பவுடர் போல மஞ்சள் தூசி. மண்ணில் எப்படிப் போட? பஸ்ஸில் மடியில் பை, மூச்சை அடக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி.

செல்வி தலையில் கைவைத்தாள். "போச்சு. காத்துல இருக்கிற பூஞ்சையெல்லாம் ஒட்டியிருக்கும். இந்தத் தூசிதான் வெத, மருந்துல கழுவினா பாதி சாவும். கழுவாட்டி பூஞ்சை திங்கும். நா இன்னா திருடிக்கினா போவப்போறேன்?"

துணிப்பையை அவள் கையில் கொடுத்தேன்.

கூடத்துக்குள் விடவில்லை. என் மேலெல்லாம் கிருமியாம். கண்ணாடி வழியே பார்த்தேன். எல்லாத் தூசியையும் போட்டாளா, ஒதுக்கினாளா? தோள் மறைத்தது.

சித்திரை 10, வியாழன்
புழுக்கம். இத்தனை நாள் எழுதப் பிடிக்கவில்லை. செல்வி கூப்பிட்டுப் போனேன். பாட்டில்களில் வெள்ளைப் பூஞ்சை, கொட்டிவிட்டாளாம். ஒன்று மட்டும் மிச்சம். மண்ணுக்குப் பதில் அவள் ஊற்றிய கூழின் மேல் கடுகைவிடச் சிறிதாகப் பச்சை மணிகள்.

"உங்க காய்தான் பெரிப்பா."

யார் கண்டார்கள். வீட்டுக்குக் கொடு என்றேன்.

"தொறந்தா செத்துடும். இங்கயே இருக்கட்டும்."

பேனா வாங்கிப் பாட்டிலில் என் பெயரை எழுதினேன்.

"ரேசன் கார்டு நம்பரையும் எழுதிடுங்க."

மூடியிலும் எழுதினேன். மூடியை மாற்றிவிடலாம் என்று தோன்றியது. ஆடாமல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அடியிலும் எழுதினேன்.