இருபதடிப் பைப்பை வெட்டச் சொன்னேன்

நம்ம கயலோட அப்பாவுக்கு,

எப்படி இருக்கீங்க? பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்கத்தான் தோன்றுகிறது. அங்கேயாவது சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வந்து உட்காருறீங்களா? இல்லை, இங்கே மாதிரியே "இந்த ஒரு வெல்டிங்கை முடிச்சுட்டு வர்றேன்" என்று சோற்றை ஆற வைக்கிறீங்களா?

நம்ம மகள் கயல் நன்றாக இருக்கிறாள். உங்க உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அதை உங்ககிட்ட சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நேற்று இரும்புக் கடைக்குப் போனேன். உத்தமபாளையம் பைபாஸில் நீங்க எப்பவும் பைப்பும் ஆங்கிளும் எடுக்கிற அதே கடைதான். உங்க பின்னால் பைக்கில் வந்தபோதெல்லாம் நான் வாசலோடு நின்றுவிடுவேன். உள்ளே கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

உங்க தம்பி பாண்டிக்கு அனுமந்தன்பட்டியில் ஒரு வீட்டு மாடியில் தகரக் கூரை போடுகிற வேலை வந்திருக்கிறது. நீங்க போன பிறகு அவன் தனியாகப் பிடித்த மாடி வேலை இதுதான் முதல். பைப் எடுக்க நானும் வருகிறேன் என்றேன். "இரும்புக் கடையில உங்களுக்கு என்ன மதினி வேலை?" என்றான். நான் லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வீட்டை முன்னமே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒடுக்கமான தெரு. திரும்பித் திரும்பி ஏறுகிற மாடிப்படி. வாசலுக்கு நேர் மேலே கரண்ட் கம்பி. போன ஆடியில் சின்னமனூரில் நீங்க கடைசியாக நின்ற தெருவும் இப்படித்தானே இருந்தது? அந்தப் படியில் இருபதடிப் பைப் திரும்பாது என்று தெருவில் நின்று அதை நட்டமாக நிமிர்த்தித் தூக்கினீங்க. மாடியில் பாண்டி அதை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். காற்று சாய்த்துவிட்டது. அவன் கைக்கு வருமுன் பைப் கம்பியில் பட்டுவிட்டது.

அதிலிருந்து நட்டமாக நிற்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் பைப்தான் தெரிகிறது. கோயில் கொடிமரத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்புகளைத் தாண்டாமல் இந்த ஊரில் எங்கே போவது?

பாண்டி பாடு அதற்கும் மேலே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நம்ம வெல்டிங் பட்டறையில் கண்ணயர்ந்தான் என்றால் இரண்டு கையும் தன்னால் நீளும். "விடுண்ணே, பிடிச்சுக்கிட்டேன்" என்பான். எழுப்பிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி வெல்டிங் கண்ணாடியைத் தேடுவான். அவன் கனவில் நீங்க இன்னும் அந்தப் பைப்பை ஏற்றிக்கொண்டேதான் இருக்கீங்களா? கீழே இறக்கி வையுங்க. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வா ஆத்தா" என்றவர் பழக்கத்தில் எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அவுக வந்தா மொதல்ல பைப்பத் தட்டித்தான் பாப்பாக" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே யாரோ பைப்பை இறக்கிப் போட்ட சத்தம் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன்.

பாண்டி கேட்ட பைப்பையெல்லாம் எடுத்து வைத்தார்கள். அப்போதுதான் வாயைத் திறந்தேன். "எல்லாத்தையும் பாதியா வெட்டிக் குடுங்கண்ணே."

"பாதியாவா? கூரைக்குத்தான ஆத்தா வாங்குறீக? முழு நீளத்த வெட்டிட்டுத் திரும்ப ஒட்டவா? இப்படி ஒருத்தரும் கேட்டதில்லையே!"

பாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது. "மதினி, அண்ணன் செஞ்ச வேலையில எங்கனயாச்சும் ஜாயிண்ட் பாத்திருக்கீகளா? அதச் சொல்லித்தான வீட்டுக்காரரே வேலையக் குடுத்திருக்காரு."

உண்மைதான். சுற்றுப்பட்டில் உங்க பேரே அதுதானே. ஒட்டுப் போட்ட கூரை எதைப் பார்த்தாலும் கிழிந்த வேட்டியைத் தைத்தது போல இருக்கிறது என்று கேலி பேசுவீங்க.

"உங்க அண்ணனையே பாக்க முடியல தம்பி, ஜாயிண்ட எங்கிட்டுப் பாக்க?" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரண்ட நிப்பாட்டச் சொல்லிட்டே ஏத்துறேன் மதினி."

"அன்னைக்கும் அவுக காப்பி குடிக்கிறப்ப அப்படித்தான் சொல்லிட்டுப் போனாக. அங்கன போனதும், ஒரே ஒரு பைப்புத்தான மிச்சம், மழைக்கு முந்தி ஏத்திருவோம்னு ஏத்துனாக."

கடைக்காரர்தான் இறங்கி வந்தார். "உள்ள ஒரு துண்டுப் பைப்பச் சொருகி வெல்டிங் வச்சா ஆடாது அசையாது பாண்டி. வெட்டித் தாரேன்" என்று மெஷினைப் போடச் சொன்னார்.

முதல் பைப்பில் பொறி பறந்தது. அப்போது உங்க குரல் கேட்டது. என் தோளுக்குப் பின்னால், வேர்வையும் இரும்பும் கலந்த உங்க சட்டை வாசத்தோடு. "இந்தா புள்ள, என்னத்த வெட்டச் சொல்ற?" கோபமாகத்தான் கேட்டீங்க. திரும்பினால் துருப்பிடித்த ஆங்கிள்கள்தான் அடுக்கிக் கிடந்தன. உங்க குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எப்பவும் உங்க பேச்சைக் கேட்டே பழகியவள்தானே. கடைசிப் பைப் வெட்டி முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று பாண்டி அத்தனை துண்டையும் தோளில் வைத்துப் படி வழியாகவே ஏற்றி, மாடியில் வைத்து ஒட்டினான். நான் தெருவில் நின்றேன். ஒரு பைப்கூட வாசலில் நிமிரவில்லை. மத்தியானம் வீட்டுக்காரர் மேலே ஏறிப் பார்த்தார். "என்னப்பா, ஒங்க அண்ணன் வேலை மாதிரி இல்லையே? எங்க பாத்தாலும் ஒட்டாத் தெரியுது" என்று அவர் சொன்னது கீழே எனக்குக் கேட்டது. நான் பதில் சொல்லப் படியேறுவதற்குள் பாண்டி சொல்லிவிட்டான்.

"இது எங்க மதினி சொல்லிச் செஞ்ச வேலைண்ணே. நானும் எறங்கி வீட்டுக்குப் போகணும்ல."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். உங்களைக் கொண்டுவந்து கிடத்திய அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

இதுதான் நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு: இனி நம்ம பட்டறையிலிருந்து மாடி வேலைக்கு ஒரு பைப்பும் முழுசாகப் போகாது. நானே கடையில் நின்று வெட்டி வாங்குவேன். உங்க பேர் கெடும், தெரியும். கெட்டுப் போகட்டும். உங்களுக்குக் கோபம் என்றால் வந்து என்னை ஏசுங்க. வந்தால் போதும்.

உங்க பேச்சைத் தட்டிய
உங்க வீட்டுக்காரி,
கயலோட அம்மா