படிக்கட்டின் கீழே ஒரு பெட்டி

மார்ச் 4

படிக்கட்டின் கீழேதான். வேறெங்கே வைப்பது? பின்சுவரை ஒட்டி இடம் இருக்கிறது, தகரக்கூரையும் இருக்கிறது. ஆனால் அதற்கு நேர் மேலே என் ஜன்னல். ஆய்வேட்டில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. சாரலில் மோட்டார் வீணாகிவிடும் என்று அண்ணனிடம் சொன்னேன். முழுப் பொய் இல்லை.

கீழே அண்ணனின் மரப்பட்டறை. மாடியில் நாங்கள்: அண்ணன், அண்ணி, எட்டு மாதக் குழந்தை, நான். ஆணி அடிக்கவும் பாலிஷ் தெளிக்கவும் காற்றை அழுத்தித் தரும் பழைய கம்ப்ரஸர் ஒன்று வருகிறது.

மார்ச் 6

நாலு பேர் இறக்கினார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்கு ரப்பர் கொடுத்து நிறுத்தினார்கள். எலக்ட்ரீஷியன் எர்த் கம்பி இழுத்தார்.

கையேட்டை நான் வாசித்துச் சொன்னேன். அழுத்தம் காட்டும் முள் எட்டுக்கு வந்ததும் மோட்டார் தானே நிற்கும். நிற்காவிட்டால், பத்தில் தொட்டி மேலுள்ள பித்தளை வால்வு திறந்து காற்றை வெளியேற்றும். தொட்டியின் அடிக்குழாயைத் தினமும் திறந்து தண்ணீர் வடிக்க வேண்டும்.

"புரொபசரம்மா, பரீட்சை உண்டா?" என்றான் அண்ணன்.

சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கவும் என்று அடுத்த வரி. படிக்கட்டின் கீழே ஓரடிதான் கிடைத்தது. அந்த வரியை வாசிக்கவில்லை.

மார்ச் 7

சத்தம். படிக்கு மேலேதான் அண்ணியின் அறை. மதியம் குழந்தை மூன்று முறை எழுந்தது.

"உன் மருமகளை இனிமே நீயே தூங்க வை" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 9

அண்ணன் கம்ப்ரஸரைச் சுற்றிப் பிளைவுட் பெட்டி அடித்துவிட்டான். உள்ளே நுரைப்பஞ்சு. முள்ளைப் பார்க்க உள்ளங்கை அளவு கண்ணாடி வைக்கச் சொன்னேன். வைத்தான். காற்றோட்டம்? கேட்க வேண்டும்.

மார்ச் 10

கேட்கவில்லை.

மார்ச் 13

இரண்டு நாளாக வால்வு கத்துகிறது. விசில் இல்லை, வீறிடல். குழந்தையும் கூடவே. மூன்றாவது முறை நான் மாடியிலிருந்து கத்தினேன்: "அதோட வாயை அடைச்சுத் தொலைங்களேன்!"

மார்ச் 14

அமைதி. ஒரு பக்கம் எழுதினேன்.

மார்ச் 15

அமைதி. மூன்று பக்கம். குழந்தை இரண்டு மணி நேரம் தூங்கியது.

மார்ச் 17

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம் தண்ணீர் எடுக்கக் கீழே போனேன். மோட்டாரின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. குடத்தில் மொண்டேன், குடித்தேன், இன்னும் நிற்கவில்லை. பெட்டியில் கை வைத்தேன். சூடு. கண்ணாடியில் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பன்னிரண்டில் நின்றது. வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட், கழுத்தில் வெள்ளை டேப் சுற்றி.

மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"யாரு கரெண்டை நிறுத்துனது?"

"நான்தான். வால்வு எங்கண்ணா?"

"நீதானே வாயை அடைக்கச் சொன்னே."

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தான். வந்து கண்ணாடியில் குனிந்தான். நிமிரவில்லை, அப்படியே பின்னால் நகர்ந்தான்.

அண்ணியும் குழந்தையும் மேலே. இறங்க அந்தப் படி ஒன்றுதான். தெருவில் நின்று கத்தினேன். "அண்ணி, பிள்ளையைத் தூக்கிட்டு என் ரூமுக்குப் போங்க. படியில மட்டும் இறங்காதீங்க." ஏன் என்று கேட்டாள். "போங்கன்னா போங்களேன்!"

போனில் எலக்ட்ரீஷியன்: "போல்ட்டை யாரும் தொடாதீங்க. பெட்டி கிட்டயே போகாதீங்க. ஹோஸ் வெளியில இருக்கா? அதோட முனையில நின்னு காத்தை விடுங்க."

ஹோஸ் வாசல்வரை நீண்டிருந்தது. அண்ணன் தெருவில் நின்று காற்றுத் துப்பாக்கியை அழுத்தினான். புழுதி பறந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சீற்றம் மெலிந்து, இருமி, அடங்கியது.

"போயிடுச்சா?" என்றான். காற்று நின்ற பிறகும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தான்.

மார்ச் 18

எட்டில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சை எலக்ட்ரீஷியன் பிரித்துக் காட்டினார். "பெட்டிக்குள்ள வெந்துபோய் பாயிண்ட் அப்பப்ப ஒட்டியிருக்கு, நேத்து ஒரேயடியா ஒட்டிக்கிச்சு. மோட்டாருக்கு நிக்கவே தெரியல. அதைத்தான் வால்வு ரெண்டு நாளா சொல்லியிருக்கு. நீங்க அதைக் கழட்டி டிராயர்ல போட்டிருக்கீங்க, நல்ல ஆளுங்கப்பா!"

அண்ணன் டிராயரைத் திறந்து வால்வை எடுத்துக் கொடுத்தான்.

அடிக்குழாயைத் திறந்தோம். ஒரு செம்பு துருத்தண்ணீர். ஒருநாள்கூட யாரும் வடிக்கவில்லை. கையேடு என் மேசைமேல் இருக்கிறது, புத்தகங்களுக்கு அடியில்.

மார்ச் 21

தொட்டியில் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதித்தார்கள். தேறிவிட்டது. பெட்டியைப் பிரித்தாயிற்று. அதே பலகையில் அண்ணன் குழந்தைக்கு ஏதோ செய்யப் போகிறானாம். வேண்டாம் என்றாள் அண்ணி.

எங்கே வைக்கலாம் என்று கேட்டான். பின்சுவர் என்றேன்.

"சாரல்?"

"கூரையை ரெண்டடி நீட்டு."

மார்ச் 25

பின்சுவர். இரண்டடி இடைவெளி, டேப் வைத்து நானே அளந்தேன். புது சுவிட்ச், புது வால்வு. மோட்டார் பெல்ட்டுக்குக் கம்பி வலை. குழந்தை மதியம் முழுக்கத் தூங்கியது. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, முதல்ல பின்சுவர்ல வேணாம்னு சொன்னது நான்தான். சாரல் சும்மா சாக்கு. என் ஜன்னலுக்காக."

இரண்டு துணி மடித்தாள்.

"தெரியும். அன்னிக்கு இவளை வெச்சுக்கிட்டு உன் ரூம்ல நின்னேன்ல. ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். கீழே இடம் காலியாத்தான் கிடந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீயா சொல்றியான்னு பார்த்தேன். எட்டு நாள் ஆயிருக்கு உனக்கு."

மடித்த துணிகளை என் கையில் அடுக்கினாள், அலமாரியில் வைக்க. வைத்தேன்.

மோட்டார் ஓடும்போது மேசையில் பேனா நகர்கிறது. இன்று நாலு வரி.

ஐந்தரைக்குப் பட்டறை முடிந்ததும் கீழே போனேன். சுவிட்சை அணைத்து, அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தேன். இரண்டு கரண்டி இருக்கும்.