சுவரைப் பார்த்த நாற்காலி

மதுரை
8.6.1997

அன்புள்ள ராதாவுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி நான் குடிக்கும் காபியில் சர்க்கரை கிடையாது. தேசத்தின் சுதந்திரப் பொன்விழா ஆண்டில் இப்படியொரு முடிவு எடுத்தது பொருத்தமாகவே இருக்கிறது. சர்க்கரை டப்பா எங்கே என்று எனக்குத் தெரியாததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோர்ட்டு சம்மனைப் படித்ததும் நீ ஹேமாவைக் கூட்டிக்கொண்டு பரமக்குடி போனது நியாயம்தான். பஜனை மடத்துத் தலைவரான உன் புருஷன், போன வருஷம் ஒரு சனிக்கிழமை அழகர்கோவில் போவதாகச் சொல்லிவிட்டு, ஆற்றுக்கு வடக்கே ஒரு பிராந்திக் கடையில் இருந்தான். ஆம்லெட் யாருடையது என்று அங்கே சண்டை வந்தது. விருமாண்டி என்பவர் தலையில் பாட்டிலடி பட்டு மறுநாள் இறந்துபோனார். கண்ணால் கண்ட சாட்சி நான்.

வீட்டில் நாம் நம் சௌராஷ்டிர மொழியில் சண்டை போடுகிறோம். கடிதம் மட்டும் தமிழில் எழுதுகிறோம். ஆகவே உன் பதில் மரியாதையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன்,
சௌரிராஜன்


பரமக்குடி
14.6.1997

ஹேமாவின் அப்பாவுக்கு நமஸ்காரம்.

சர்க்கரை, 'மிளகாய்' என்று எழுதிய டப்பாவில் இருக்கிறது. எறும்புகளுக்காக எழுதியது. தமிழில் எனக்குத் திட்ட வராது; உங்கள் அதிர்ஷ்டம்.

ஹேமாவைப் பெண் கேட்டிருக்கும் திண்டுக்கல்காரர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா நேரிலேயே வந்தார். "சம்பந்தி குடிப்பாரா?" என்று கேட்டார். "சேச்சே, தெருவுல நின்னு சோடா குடிச்சிட்டிருந்தாக. வாசல் வழியா உள்ள நடந்தது தெரிஞ்சிருக்கு, அம்புட்டுதான்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். கோர்ட்டிலும் நீங்கள் அப்படியே சொன்னால் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

அந்த மாப்பிள்ளையின் போட்டோவை ஹேமா ஒரு புஸ்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

பார்த்ததை மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. நின்ற இடத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிச் சொல்லுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ராதாமணி


மதுரை
22.6.1997

அன்புள்ள ராதாவுக்கு,

இடத்தைத் தள்ளிச் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். நேற்று சவரம் செய்யும்போது கவனித்தேன். கண்ணாடியில் இருந்த ஆள் இடது கையால் மழித்துக்கொண்டிருந்தான்.

விவரமாகச் சொல்கிறேன். அந்தக் கடையில் சுவரைப் பார்த்து ஒரு வரிசை நாற்காலி உண்டு. நெற்றியில் நாமமோ விபூதியோ உள்ளவர்கள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரும் இடம். கடையாட்கள் அதைச் 'சாமி வரிசை' என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நம் தெருக்காரர்கள்தான் உட்காருவார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சண்டை வந்ததும் அவர்கள் ஓடிவிட்டார்கள். திரும்பினால் முகம் தெரிந்துவிடுமே என்று நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வந்தபோது உள்ளே மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான்.

கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். முகம் தெரியவில்லை, ஓங்கிய கை தெரிந்தது. இடது கை என்று போலீஸில் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தேன் என்று சொல்லத் தோன்றவில்லை. சண்டை நடந்த மேஜையில் இருந்த இடது கைக்காரர் பீமாராவ், கொட்டாம்பட்டிப் பக்கத்து இளைஞர். அவரைப் பிடித்துப் போனார்கள். இன்னும் ஜெயிலில் இருக்கிறார்.

அவருடைய அப்பா அழகுமலை போன வாரம் நம் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எம்மகன் எடது கைக்காரன்தான், மொதலாளி. அதுக்காக ஊர்ல இருக்க அம்புட்டு எடது கையும் அவனோடதா?" என்றார். இன்று ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "எழுதுனது எழுதுனதுதாண்ணே. கோர்ட்டுல போய்ச் சொல்லிக்கங்க" என்றார் ஏட்டு.

தெருவில் நின்றேன் என்றால் கண்ணாடி கிடையாது. கண்ணாடி இல்லையென்றால் அது இடது கைதான். அந்த இளைஞருக்கு ஆயுள் தண்டனை கிடைக்கும். அவருக்கும் ஹேமா வயதுதான். நான் என்ன செய்ய?

உன்,
சௌரிராஜன்


பரமக்குடி
28.6.1997

நமஸ்காரம்.

கடிதத்தை அண்ணனிடம் காட்டவில்லை. ஹேமாவிடம் படித்துக் காட்டினேன். அந்த இளைஞர் எத்தனை மாதமாக ஜெயிலில் இருக்கிறார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

உங்கள் மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. கரை வேட்டி பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. கசங்கலைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ராதாமணி


மதுரை
11.7.1997

அன்புள்ள ராதாவுக்கு,

நேற்று கரை வேட்டிதான் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். அரசு வக்கீல் பிடித்துக்கொண்டார்.

"போலீஸ்ல எடது கைன்னீங்க?"

"கண்ணாடியில எடது. அப்ப நெசத்துல அது வலது கைங்க."

"கண்ணாடியில எதுக்குய்யா பாத்தீங்க?"

"நான் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தேன்."

"பிராந்திக் கடைக்குச் சுவத்தைப் பாக்கவா போனீங்க?"

"குடிக்கத்தான் போனேன். எங்க தெருக்காரங்க பாத்துடக் கூடாதுன்னு அப்படி உக்காந்தேன்."

நம் தெருக்காரர்கள் பின் பெஞ்சில் வரிசையாக இருந்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் உட்காருகிறவர்களும் வந்திருந்தார்கள். இந்த முறை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்கள் தலையை ஆட்டி வருத்தப்பட்டார்கள்.

"இந்தப் பழக்கம் எப்பலேருந்து?" என்று வக்கீல் கேட்டார்.

"பஜனை மடத்துக்குத் தலைவரானதுலேருந்து" என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

மடத்தில் நேற்றே கூட்டம் போட்டு வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவர் என் வலது பக்கத்து நாற்காலிக்காரர்.

வெளியே வந்தபோது அழகுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹேமாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ இங்கே இருந்தால் நம் மொழியில் ஏதாவது சொல்வாய். கேட்க ஆசையாக இருக்கிறது.

உன்,
சௌரிராஜன்


பரமக்குடி
20.8.1997

நமஸ்காரம்.

பீமாராவை விடுதலை செய்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தோம். ஹேமா அதை இரண்டு தரம் படித்தாள்.

இந்த வீட்டு மானத்தை நீங்கள் வாங்கிவிட்டதாக அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். "அவங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, நீங்க சாப்பிடுங்க" என்றேன். உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. அது தமிழில் வராது. வந்துதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை இருவரும் வருகிறோம். பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். பெட்டி கனமாக இருக்கிறது.

திண்டுக்கல்காரர்கள் சேலத்தில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். கல்யாணம் இந்த ஆவணியிலேயே.

இப்படிக்கு,
ராதாமணி