மறைப்பு அட்டைக்குப் பின்னால் விழுந்த எண்

அண்ணாச்சி,

நம் ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்து பத்து நாளாகிறது. அச்சு மையும் பிசினும் கலந்த அதன் மணம் இன்னும் இந்த அறையை விட்டுப் போகவில்லை. அந்த மணத்தில் அமர்ந்துதான் இதை எழுதுகிறேன். பெட்டியின்மேல் உங்கள் பெயர்தான் இருந்தது. நீங்கள் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்ததை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை. மதினி அதைப் பிரித்துப் பார்க்காமலே ஆள்வழி என்னிடம் அனுப்பிவிட்டார்கள். உங்கள் மேசை இழுப்பறையில் கிடந்த பச்சை அட்டை நோட்டையும், இவருக்குத்தான் பயன்படும் என்று, உடன் வைத்திருந்தார்கள்.

முதலில் பெட்டியைத்தான் திறந்தேன். வழவழப்பான தாள்களில் மலைப்பாம்பு போன்ற சிறகுள்ள விலங்குகளும் பாழடைந்த கோட்டைகளும் வண்ண வண்ணமாய் விரிந்தன. இரண்டு ஆண்டுகள் இதற்காகக் காத்திருந்தீர்களே, இன்னும் ஐந்து மாதம் உயிரோடு இருந்திருக்கலாகாதா என்று கண் கலங்கினேன். அந்தக் கால்மணி நேரம்தான் உங்களை ஐயமின்றி நேசித்த என் கடைசிக் கால்மணி நேரம். பிறகு நோட்டைத் திறந்தேன்.

நாம் இந்த ஆட்டத்தைத் தொடங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்த உங்கள் மகள் அனுப்பிய பெட்டியைத் தண்டவாளத்தை ஒட்டிய உங்கள் வீட்டு மாடியில் பரப்பி வைத்துக்கொண்டு, நூற்பாலையில் வேலை பார்த்த நாளில் இயந்திரத்தைப் பழகுநர்க்கு விளக்கியதுபோல் எனக்கு விளக்கினீர்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். இக்கட்டு நேரும்போது இருபது முகமுள்ள பகடை உருளும். பெரிய எண் விழுந்தால் பிழைக்கலாம். சிறிய எண் விழுந்தால் அடி, சில வேளை சாவு. பகடை என்றதும் நான் எழுந்துவிட்டேன். பகடை தொட்டு நாடிழந்த அரசர்களின் கதையைக் கோயில் மண்டபத்தில் படித்துப் பொருள் சொல்லி வந்தவன் நான்.

“சூதுன்னா பணம் வைக்கணும்லா வே? இங்கன என்னத்த வைக்கோம்? நான் கதை சொல்லுதேன், நீரு அதுக்குள்ள நடந்து போரும். வழியில பேய் வந்தா அது ஓடுதா உம்மக் கடிக்குதான்னு இந்தக் கட்ட சொல்லும். அம்புட்டுதான்.”

கட்டையை நான் தொடமாட்டேன் என்றேன். அருகிலிருந்த காதர் பாய், கடைவீதியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர், தம் மார்க்கத்திலும் அது விலக்கு என்றார். எங்கள் இருவர்க்கும் சேர்த்து நீங்களே உருட்டுவதென்று முடிவாயிற்று. கதைசொல்லியின் முன்னே நிற்கும் மறைப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டி, விழுந்த எண்ணை எங்களுக்குச் சொல்வீர்கள்.

“நான் சொன்னா நம்புவீரா வே?” என்று கேட்டீர்கள்.

“உங்கள நம்பாம யார நம்பப்போறேன் அண்ணாச்சி?” என்றேன். அந்தச் சொல்லை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

எங்கள் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியும். முடிவெடுக்க இயலாத வேளையில் வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனிப் பொட்டலமாய்க் கட்டி அம்பாள் சந்நிதியில் வைப்போம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. கேட்பவன் கை அந்தப் பொட்டலத்தைத் தொடலாகாது. காரியம் இன்னதென்று அறியாத வேறொரு கைதான் எடுக்க வேண்டும். எடுத்த பின் மறுகேள்வி இல்லை. கரிசலில் கிணறு வெட்டியதும், மகளைக் கயத்தாற்றில் கட்டிக்கொடுத்ததும் அப்படித்தான். தானறியாமல் எடுக்கும் கையில் பொய் இராது என்பதே அதன் அடிப்படை. மறைப்பு அட்டைக்குப் பின்னாலிருந்த உங்கள் கையை நான் அந்தக் கையாகவே எண்ணினேன். அது என் பிழை. ஆனால் அப்படி எண்ணுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் நாம் கூடுவோம். ஓய்வுபெற்ற நடத்துநர் சண்முகக்கனி, கோடரி ஏந்திய அரக்க வீரன். காதர் பாய், பூட்டுகளைத் திறக்கும் திருடன். நான் யாழேந்திய பாணன். ஒவ்வோர் ஆபத்திலும் என் பாணன் ஒரு வெண்பா சொன்ன பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பான். வெண்பாவின் ஈற்றடி வருவதற்குள் பேய் தூங்கிவிடும் என்று கனி நொந்துகொள்வார். மதுரைக்குப் போகும் வண்டி கடக்கையில் மேசை அதிர்ந்து அவர் உருட்டிய பகடை புரண்டுவிட்டால், அது செல்லாது என்று விசில் அடிப்பார். கடலைமிட்டாய்த் துணுக்குகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே நீங்கள் சிரிப்பீர்கள்.

தொடங்கிய ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, எனக்கு மூன்று விழுந்தது என்று சொன்னீர்கள். குகை வாசலில் என் பாணனின் யாழ் முறிந்தது. அதை நான் தீக்குறியாக எண்ணி, மறுநாள் முழுவதும் உண்ணாமல் பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு நீங்கள் வந்து, மோர் குடிக்கச் செய்து போனீர்கள். அதன்பிறகு எனக்குக் கெட்ட எண் விழுந்ததே இல்லை. வேலேந்திய பூதங்களைக் கடந்தேன். எரியும் பாலத்தின்மேல் நடந்தேன். அருள் என்றே அதற்குப் பெயரிட்டிருந்தேன்.

நோட்டில் உங்கள் எழுத்து, வரைபடத்தில் எழுதுவதுபோல் நேராக இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு, விழுந்தது. மற்றதன் தலைப்பு, சொன்னது. காதர் பாய்க்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. எனக்கு மட்டும் ஆறாம் வாரத்திலிருந்து வேறுபடுகின்றன. விழுந்தது ஐந்து, சொன்னது பதினாறு. விழுந்தது ஒன்று, சொன்னது பதினான்கு. பதினோரு இடங்களில் என் பாணன் செத்திருக்க வேண்டும். ஒளித்ததை ஏன் இத்தனை ஒழுங்காக எழுதி வைத்தீர்கள் அண்ணாச்சி? இயந்திரத்தின் பழுதைக்கூட மறைக்காமல் பதிவேட்டில் குறித்த கை, அந்தப் பழக்கத்தை விட முடியாமல் எழுதிற்றா?

நோட்டை எடுத்துக்கொண்டு காதர் பாயின் கடைக்குப் போனேன். இது முன்பே தெரியுமா என்றேன். அவர் மழுப்பவில்லை.

“தெரியும். அண்ணாச்சிக்குப் பக்கத்துலதான உக்காந்திருந்தேன், அட்டைக்கு அங்கிட்டு விழுறது கண்ணுக்குத் தெரியும்லா. மொதத் தடவ நானும் சண்டைக்குத்தான் போனேன். ‘அவரு ஒரு மூணுக்கே ஒரு நாள் பட்டினி கெடந்தாரு பாய், ஒண்ணு விழுந்தா என்ன ஆவாரு’ன்னாரு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

“உங்க திருடன் ரெண்டு தரம் செத்தானே?”

“செத்தான். எனக்கு ஒரு புள்ளி கூட்டிச் சொல்லல அவரு. நான் தாங்குவேன்னு தெரியும்.”

அந்தக் கடைசிச் சொல் எதற்காகச் சொல்லப்பட்டதோ, எனக்கு அறைந்தாற்போல் இருந்தது. கனிக்கும் தெரிந்திருந்ததாம். எட்டு ஆண்டுகள், எழுபது கடந்த ஒருவனை, உண்மை பொறாத சிறு பிள்ளையாக நடத்தியிருக்கிறீர்கள். வரவிருந்த சனிக்கிழமை உங்கள் நாற்காலியில் அமர்ந்து புதிய பதிப்பைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று அவர்கள் இருவரும் என்னைக் கேட்டிருந்தார்கள். அதற்கு என்னால் இயலாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இவ்வளவோடு போயிருந்தால் ஒரு மாதம் மனத்தாங்கலாய் இருந்து ஆறியிருப்பேன். ஆறாத இடம் நோட்டின் நடுவில் இருக்கிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் இதயத்தில் வால்வு பழுதென்று கண்டார்கள். அறுவை செய்யலாம், செய்தால் பிழைப்பது உறுதியில்லை. மாத்திரையிலேயே நாளைக் கடத்தலாம், அதிக நாள் கடக்காது என்றார் திருநெல்வேலி மருத்துவர். கையெழுத்திட வேண்டியவன் நான். பூக்கட்டிப் பார்க்கச் சந்நிதி வாசல்வரை போனேன். சிவப்பு வந்துவிட்டால்? மறுகேள்வி இல்லாத இடம் அது. அச்சத்தால் திரும்பி வந்தேன். சனிக்கிழமை உங்கள் மாடியில், வெள்ளம் புரளும் ஆற்றின் கரையில் என் பாணன் நின்றான். நீங்கள் பகடையை எடுத்தபோது, எவருக்கும் சொல்லாமல் மனத்துக்குள் அம்பாளிடம் கேட்டேன்: இவன் கரையேறினால் திங்கட்கிழமை கையெழுத்திடுகிறேன்.

பதினெட்டு என்றீர்கள். நான் கையெழுத்திட்டேன். அவள் பிழைத்தாள்.

மறு ஆண்டு அதே நாளில் அர்ச்சனை செய்துவிட்டுப் பிராகாரத்தில் உங்களோடு நடக்கையில் இதை உங்களிடம் சொன்னேன். அந்தப் பதினெட்டு அம்பாளின் வாக்கு என்றேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லது நடந்துச்சுல்லா வே, விடும்,” என்றீர்கள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் என்னோடு வந்தீர்கள். நான் நீட்டிய குங்குமத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டீர்கள்.

நோட்டில் அந்த வரி இருக்கிறது. பாணர், ஆற்றைக் கடத்தல். விழுந்தது இரண்டு.

புதிய பதிப்பு வருகிறதென்று அறிந்த நாள்முதல் அதைப் பற்றியே பேசினீர்கள். சனிக்கிழமை தவறாமல் கைபேசியில் புதுச் செய்தி வாசித்துக் காட்டினீர்கள். பெண் பார்க்க வருபவர்களுக்குக்கூட எவரும் இப்படிக் காத்திருந்ததில்லை என்று கனி கேலி செய்தார். ஒருநாள் அவர்கள் இறங்கிப் போன பிறகு என்னை நிறுத்தி, “புதுப் பதிப்பு வரட்டும் வே. அன்னைக்கு இந்த அட்டையத் தூக்கிப் போட்டுட்டு, எல்லாரும் பாக்க உருட்டுவோம். உம்மகிட்ட ஒரு விசயமும் சொல்லணும்,” என்றீர்கள். பாணர்க்கு ஏதோ புது விதி வரப்போகிறது போலும் என்று மகிழ்ந்து போனேன். ஓர் உண்மையைச் சொல்ல அயல்நாட்டு அச்சகம் ஒன்று புத்தகம் போட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? அடுத்த தெருவில்தானே இருந்தேன்.

மூன்று நாள் எவரோடும் பேசவில்லை. நான்காம் நாள் காலை, முறத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு ஆண்டுப் பொய்யை, ஆற்றங்கரையை, அந்த இரண்டை. அவளும் என்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கை நின்றது. நெஞ்சின்மேல் உள்ள தழும்பைச் சேலையோடு சேர்த்துத் தொட்டுக்கொண்டாள்.

“அப்போ அண்ணாச்சி ரெண்டுன்னு சொல்லியிருந்தா?”

நான் நோட்டை மூடினேன்.

“கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க.”

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“அங்கன கட்டில்ல படுத்துக் கெடந்தவ நான். கட்டைட்ட கேட்டீங்க, பூவுட்ட கேக்கப் போனீங்க. ஏட்டி, உனக்குச் சம்மதமான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?”

அவள் குரலை உயர்த்தவில்லை. மீண்டும் கடலை உடைக்கத் தொடங்கினாள். அன்று முழுவதும் வேண்டியதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. உங்கள்மேல் நான் கொண்டிருந்த அதே மௌனத்தை அவள் என்மேல் கொண்டிருந்தாள். அதன் பாரம் எவ்வளவென்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை காதர் பாயின் கடைக்குச் சென்று, சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறேன் என்றேன்.

நேற்றுச் சனிக்கிழமை உங்கள் நாற்காலியில் அமர்ந்தேன். புதிய பெட்டியிலிருந்த மறைப்பு அட்டையை வெளியே எடுக்கவில்லை. பகடையை என் கையாலேயே எடுத்தேன், விரதம் முறிந்தது. காதர் பாயின் திருடன் செங்குத்துப் பாறையில் பாதி உயரம் ஏறி நின்றான். உருட்டுவதற்கு முன் அவரைப் பார்த்து, விழுவது எதுவோ அதையே சொல்வேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

அவர் தம் தாளைக் கீழே வைத்தார். “இம்புட்டு வருசத்துல இத யாரும் கேட்டதில்ல. போடுங்க,” என்றார்.

நான்கு விழுந்தது. மூவரும் பார்த்தோம். நான்கு என்றேன். அண்ணாச்சி, எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அப்போது அறிந்தேன். அறிந்ததனால் உங்களைப் பொறுத்துக்கொண்டேன் என்று எண்ண வேண்டாம். கடினம்தான், சொல்ல முடியாததன்று. காதர் பாய் செத்த தம் திருடனின் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புதுப் பாத்திரம் எழுத வேறொரு வெற்றுத் தாள் கேட்டார்.

இனி அர்ச்சனைக்குப் போவேனா என்பது தெரியவில்லை. போனால் என் மனைவியையும் கேட்டு, அவள் வந்தால் அழைத்துப் போவேன். பதினெட்டை எனக்கு நீங்கள் தந்தது அன்பினால் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆயினும் நான் சுமந்து திரிவது அந்தப் பதினெட்டை அன்று. நண்பனிடமிருந்து எனக்கு வரவேண்டியிருந்து வராமற்போன இரண்டையே. அதை உங்கள் குரலில் ஒருமுறை கேட்டு, உங்கள் முன்னாலேயே உங்களோடு சினந்து எழுந்து போயிருக்க வேண்டும் நான். அந்தச் சினத்தை இறக்கி வைக்க இப்போது ஊரில் ஆளில்லை.