அப்பா வண்டியை நிறுத்திய இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், காப்பியில் சர்க்கரை இல்லை என்று என்னோடு சண்டை போடுகிறார், அதனால் பயப்படாமல் மேலே படி.

போன வாரம் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி வரும்போது அவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. எப்படியோ டிரெய்லரை மேம்பாலத்துக்குக் கீழே ஓரங்கட்டிவிட்டு, இறங்கி டயரில் சாய்ந்துவிட்டார். இப்போது எல்லாக் கன்டெய்னர் பெட்டியிலும் பூட்டோடு ஒரு கருவி மாட்டுகிறார்களே, அது, பெட்டி நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறது என்று ஆபீஸ் திரையில் சிவப்பாகக் காட்டியிருக்கிறது. உடனே ஆபீஸ் ஜீப்பில் ஆள் வந்தாயிற்று. வந்தவர்கள் நேரே பின்பக்கம் போய்ப் பூட்டைப் போட்டோ எடுத்தார்களாம். வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்த மனுஷனிடம், எதுக்குய்யா இங்க நிறுத்தின, யாரு நிறுத்தச் சொன்னா என்று விசாரணை வேறு. எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரம்மாதான், பூட்டு எங்கயும் ஓடாது, மொதல்ல ஆளைத் தூக்குங்க என்று அதட்டி, ஒரு வேனை மறித்து ஏற்றிவிட்டார். அவர் மட்டும் இல்லையென்றால், பாப்பா, அப்பா நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

அதோடு விட்டார்களா? அனுமதியில்லாமல் வழியில் நிறுத்தியதற்காக அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாக எனக்குப் போன் வந்தது, அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில். நேரே ஆபீசுக்கே போய்விட்டேன். மேனேஜர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நாங்க என்னம்மா பண்றது, நிறுத்தினதுக்குக் காரணம்னு போட இந்தத் திரையில வண்டி ரிப்பேர் இருக்கு, டிராஃபிக் இருக்கு, டிரைவருக்கு உடம்பு முடியலன்னு ஒண்ணு இல்லையே என்றார். வண்டி ரிப்பேர் ஆகலாம், ஓட்டுற ஆளு ஆகக்கூடாதா சார் என்று கேட்டேன். வெளியே வந்து, கேட்டில் நின்ற டிரைவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் ஒருத்தரும் வண்டி எடுக்கவில்லை, நேரத்துக்குக் கிளம்பாத பெட்டிகளால் திரை முழுக்கச் சிவப்பாம். மதியத்துக்குள் தண்டனையை ரத்து செய்து, இனிமேல் சிவப்பு விழுந்தால் முதலில் டிரைவருக்குப் போன், அவர் எடுக்காவிட்டால் ஆம்புலன்ஸ் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பெட்டியில் கருவி மாட்டும் இந்த ஏற்பாட்டால் நாட்டு வியாபாரமே வேகமாகும் என்று நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. முன்னே பெட்டி எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாமல் அப்பா பட்டினியாய்க் காத்துக் கிடந்ததை நானும்தானே பார்த்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. நீயும் அங்கே பெட்டிகளைக் கண்காணிக்கும் இதே திரை வேலைதான் செய்கிறாய். உங்கள் திரையில் டிரைவருக்கு உடம்பு முடியவில்லை என்கிற அந்த ஒரு காரணம் இருக்கிறதா என்று நாளைக்கே பார். இல்லையென்றால் சேர்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

கழுத்து வலியை அலட்சியம் பண்ணாதே, டாக்டரைப் பார். ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, பெட்டி பத்திரமா போய்ச் சேர்ந்துச்சா என்பதுதான். அவர் எப்படி இருக்கிறார் என்று ஆபீசிலிருந்து இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா